கயிற்றை அறுத்த இடம்

இரிமுரா துறை
2016 நவம்பர் 9

மிஹோகோவுக்கு,

நான் அனுப்பிய கருப்பு வெல்லம் திரும்பி வந்துவிட்டது. பெட்டியை நீ பிரிக்கக்கூட இல்லை. போகிற வழியிலோ வருகிற வழியிலோ எறும்புதான் பிரித்துப் பார்த்திருக்கிறது. போனை நீ எடுக்க மாட்டாய். அதனால்தான் எழுதுகிறேன். எனக்குக் கடிதம் எழுத வராது. பள்ளிக்கூடத்தில் வாத்தியாருக்கு எழுதிய மன்னிப்புக் கடிதத்துக்குப் பிறகு இதுதான் என் முதல் கடிதம்.

வரும் பிப்ரவரியோடு என் தம்பி யாசு கடலோடு போய் இரண்டு வருஷம் ஆகிறது. கல்லறைக்குள் நாங்கள் வைத்திருப்பது வெறும் பெட்டி. அதற்குத்தான் ஊதுபத்தி ஏற்றுகிறோம், அதற்குத்தான் சோறு படைக்கிறோம். போன வாரம் குறிசொல்லும் நாபீ அம்மாவிடம் போனேன். நான் வாயைத் திறப்பதற்குள் அந்த அம்மா ஆரம்பித்துவிட்டாள்.

"உடம்பு கிடைக்கலன்னா போகட்டும். உசிரையாவது வீட்டுக்குக் கூட்டிட்டு வர வேணாமா? ரெண்டு வருஷமா தண்ணியில நின்னுக்கிட்டிருக்கான்."

"கடல்ல எங்கன்னு போய்க் கூப்பிடறது?" என்றேன்.

"அவனைக் கடைசியா எங்க பார்த்தாங்களோ, அங்க. அவன் போட்டுக்கிட்ட சட்டையை விரிச்சு மூணு தரம் பேரைச் சொல்லிக் கூப்பிடு. சட்டை கனத்துச்சுன்னா வந்துட்டான்."

"கடைசியா பார்த்தது நான் இல்லையே."

"அப்ப பார்த்தவளைக் கேளு. என் மூஞ்சியை ஏன் பார்க்கிறே?"

நீ மலைநாட்டுப் பெண். இதையெல்லாம் நீ நம்ப வேண்டாம். வயசு இருந்தபோது நானும் சிரித்தவன்தான்.

கடற்காவல்காரர்களிடம் நீ சொன்னது ஒரே ஒரு வரி. மிதவையை உன் கையில் கொடுத்துவிட்டு யாசு வடக்கு முனையை நோக்கி நீந்திப் போனான் என்று. எங்கிருந்து போனான் என்று நீயும் சொல்லவில்லை, நாங்களும் அப்போது கேட்கவில்லை. அந்த இடத்தைப் பார்த்தவள் உலகத்தில் நீ ஒருத்திதான். ஒரு நாள் வா. படகில் ஏறி இடத்தைக் காட்டிவிட்டுப் போய்விடு. என்னோடு பேசக்கூட வேண்டாம். எனக்குப் பழக்கம்தான்.

மொரியுகி

*

மத்சுமொத்தோ
நவம்பர் 24

அண்ணா,

வெல்லத்தைத் திருப்பி அனுப்பியதற்கு நான் வருத்தப்படவில்லை. அதை வாயில் போட்டால் உங்கள் ஊர் ஞாபகம் வரும். நான் இங்கே வந்ததே அது வரக்கூடாது என்றுதான்.

அக்கா வீட்டின் எந்த ஜன்னலைத் திறந்தாலும் மலைதான் தெரிகிறது. பகலில் ஒரு கோதுமைநூடுல் கடையில் பரிமாறுகிறேன். என் புருஷன் என்ன ஆனார் என்று இங்கே யாருக்கும் தெரியாது. யாரும் கேட்பதும் இல்லை. எனக்கு இதுதான் வேண்டியிருந்தது.

ஒவ்வொரு நாள் காலையிலும், கடலில் முக்குளிக்க வந்த விருந்தாளிகளைப் படகில் வரிசையாக உட்காரவைத்து அவர் சொல்வாரே, நினைவிருக்கிறதா? நீங்கள் கேபினில் சிகரெட் பிடித்துக்கொண்டு "ஆரம்பிச்சுட்டான்டா பூசாரி" என்பீர்கள்.

"மேல வந்ததும் படகு காணோம்னா பதறாதீங்க. போட்டிருக்கிற காத்துச் சட்டையை ஊதுங்க. இடுப்புல இருக்கிற ஈயத்தைக் கழட்டி எறிங்க, அதுக்கு நான் கணக்கு கேக்க மாட்டேன். ஒருத்தரை ஒருத்தர் கயித்துல கட்டிக்குங்க. புருஷன் பொண்டாட்டி சண்டையெல்லாம் படகு வந்தப்புறம். மிதவையை நட்டு வெச்சுட்டு விசிலை ஊதுங்க. ஆனா நீந்தாதீங்க! கரை பக்கத்துல இருக்கிற மாதிரிதான் தெரியும், பொய்யி. நீந்துறவன் தலை தேங்காய் மாதிரி. எந்தப் படகுக்காரன் கண்ணுக்கும் தெரியாது."

அன்று நாங்கள் எல்லாவற்றையும் அப்படியே செய்தோம். விருந்தாளிகள் வருவதற்கு முன் நீரோட்டம் எப்படி இருக்கிறது என்று பார்க்கத்தானே இரண்டு பேரும் இறங்கினோம்? தெற்கே போக வேண்டிய நீர் மேற்கே இழுத்துக்கொண்டு போய்விட்டது. மேலே வந்தபோது சுற்றிலும் அலைமேடு. ஊதினோம், ஈயத்தை எறிந்தோம், கட்டிக்கொண்டோம், ஆரஞ்சு மிதவையை நிமிர்த்திப் பிடித்தோம். உங்கள் படகு என் கண்ணில் படவில்லை. எஞ்சின் சத்தம் மட்டும் காற்றில் வந்து வந்து போனது. உதடு வெடிக்கும்வரை விசில் ஊதினேன். நீங்கள் ஒரே ஒரு தரம் எஞ்சினை நிறுத்தியிருந்தால் கேட்டிருக்கும். நீங்கள் நிறுத்தவே இல்லை.

அதைவிடப் பெரிய விஷயம், வயர்லெஸ். நீங்கள் கையை நீட்டினால் எட்டுகிற இடத்தில் இருந்தது. மருத்துவமனையில் தைச்சி தம்பி என்னிடம் சொன்னான். என்னைத் தண்ணீரிலிருந்து தூக்கியவன் அவன்தான். "அக்கா, மொரியுகி அண்ணன் எங்களைக் கூப்பிட்டப்போ சூரியன் உச்சிக்கு வந்துடுச்சு. காலையிலேயே கூப்பிட்டிருந்தா நாங்க எட்டு படகும் வந்திருப்போம்" என்று அழுதான். அந்த நேரமெல்லாம் நீங்கள் தனியாகத் தேடினீர்கள். ஏன் என்று நம் இரண்டு பேருக்கும் தெரியும். அவமானத்துக்குப் படகில் கட்டுவார்களே, அந்தத் தேங்காய்க்காக. அவர் என்னை விட்டுப் போனதும் அந்தத் தேங்காய்க்காகத்தான்.

நான் வர மாட்டேன். இடத்தையும் சொல்ல மாட்டேன்.

மிஹோகோ

*

இரிமுரா துறை
டிசம்பர் 3

மிஹோகோவுக்கு,

உன் கடிதத்தை மூன்று தரம் படித்தேன். நான்காவது தரம் படிக்கப் பொறுமை இல்லை.

தேங்காயை நான் கண்டுபிடித்தேனா? என் அப்பன் காலத்துக்கும் முந்தியது அது. ஆளைத் தொலைத்துவிட்டு வயர்லெஸில் ஊரைக் கூப்பிட்ட படகின் மூக்கில், கரை ஒதுங்கிய அந்தக் காய்ந்த தேங்காயைக் கட்டுவார்கள். கோடைப் படகுப் போட்டிவரை அது தொங்கும். மீட்கப்பட்டவன் துறை முழுக்க அவாமோரிச் சாராயம் ஊற்ற வேண்டும். யாசு இருபத்தைந்து வயசில் ஒரு தரம் மாட்டினான். வருஷம் முழுக்கச் சின்னப் பிள்ளைகள்கூட "தேங்கா அண்ணே, தண்ணி எப்படி இருந்துச்சு?" என்று கேட்டார்கள். எல்லாரையும்விடச் சத்தமாகச் சிரித்தவன் அவன். ஆனால் அந்த வருஷம் அவன் முன்வழியாகத் துறைக்கு வந்ததே இல்லை, ஐஸ் கிடங்குக்குப் பின்னால் சுற்றித்தான் வருவான். நான் பார்த்திருக்கிறேன். அவன் கல்யாணம் ஆகி, தொழில் நிமிர்ந்து, விருந்தாளிகள் வர ஆரம்பித்த நேரத்தில் மறுபடியும் அதை அவன் கழுத்தில் மாட்ட எனக்கு மனசு வரவில்லை. இன்னும் ஒரு சுற்று, இன்னும் ஒரு சுற்று என்று பார்த்தேன். இந்த ஊர்ப் படகோட்டி எவனும் அதைத்தான் செய்திருப்பான். அவரவர் ஆளை அவரவர்தான் முதலில் தேடுவார்கள்.

நீ இவ்வளவு பேசுகிறாயே, நான் ஒன்று கேட்கிறேன். கயிற்றில் கட்டிக்கொண்டோம் என்று நீயே எழுதியிருக்கிறாய். கட்டிக்கொண்டவன் எப்படிப் போனான்? உன்னோடு கட்டியிருந்தவன் உயிரோடு இருந்திருக்க வேண்டும், நீ இருக்கிற மாதிரி. அந்த முடிச்சை அவிழ்த்தது யார்?

இதை மறுபடி படித்துப் பார்த்தால் கிழித்துவிடுவேன். அதனால் படிக்காமல் ஒட்டுகிறேன்.

மொரியுகி

*

மத்சுமொத்தோ
டிசம்பர் 11

அண்ணா,

யாரும் அவிழ்க்கவில்லை. கத்தியால் அறுத்தார். நான் அவர் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டிருந்தேன். கையுறை வழுக்கியது.

இடம் எனக்குத் தெரியாது என்று நினைக்காதீர்கள். கல்யாணமான முதல் வருஷமே அவர் சொல்லிக்கொடுத்தார். "மிஹோ, தண்ணியில தனியா மாட்டிக்கிட்டா கரையைப் பாரு. ரெண்டு பொருள் ஒண்ணுக்குப் பின்னால ஒண்ணு வர்ற மாதிரி ஒரு குறி, அதே மாதிரி இன்னொரு பக்கம் ஒரு குறி. ரெண்டையும் மனசுல வெச்சுக்கிட்டா கடல்லகூட இடத்துக்கு விலாசம் உண்டு." அவர் கயிற்றை அறுத்தபோது நான் கரையைப் பார்த்தேன். இரண்டு குறியும் இப்போதும் கண்ணுக்குள் நிற்கிறது.

அதை உங்களிடம் சொல்ல மாட்டேன். கோபத்தால் மட்டும் இல்லை. வேறு காரணம் கேட்காதீர்கள். இனிமேல் எழுதவும் வேண்டாம்.

மிஹோகோ

*

இரிமுரா துறை
2017 ஜனவரி 14

மிஹோகோவுக்கு,

எழுதாதே என்றாய். எழுதுகிறேன். என் தம்பி எப்போதும் சொல்வான், "அண்ணனுக்குக் காது ரெண்டும் பேச்சுக்கு இல்ல, தொப்பி நிக்கறதுக்கு" என்று.

முடிச்சைப் பற்றி நான் கேட்டது தப்பு. தபால்பெட்டியில் போட்டதும் கையை உள்ளே விட்டு எடுக்கப் பார்த்தேன், எட்டவில்லை. தபால்காரப் பெண்ணிடம் கெஞ்சினேன். "போட்டது போட்டதுதான், மாமா" என்று சொல்லிவிட்டாள். உன் பதில் வரும்வரை சோறு இறங்கவில்லை. உன் பதில் வந்த பிறகும் இறங்கவில்லை. கையுறை வழுக்கியது என்று எழுதியிருந்தாய். அந்த ஒரு வரி போதும். இனி அதைப் பற்றிப் பேச மாட்டேன்.

ஒன்று நடந்தது. அதைச் சொல்லத்தான் உட்கார்ந்தேன்.

வருஷப் பிறப்பு முடிந்த வாரம், தைச்சி மூன்று விருந்தாளிகளைச் சுறா பார்க்க இறக்கினான். நான் படகுத்துறைச் சுவரில் உட்கார்ந்து வலை பின்னிக்கொண்டிருந்தேன். தூரத்தில் அவன் படகு தெரிந்தது. ஒரு வட்டம் போட்டது. கொஞ்சம் நின்றது. வெளிப்பக்கமாக இன்னொரு வட்டம் போட்டது. வேறு யாருக்கும் அது ஒன்றுமில்லை. நான் வலையைக் கீழே வைத்துவிட்டு என் படகில் ஏறினேன். அது என் வட்டம், மிஹோகோ. அன்று நான் போட்ட அதே வட்டம். வயர்லெஸைப் போட்டுக் கேட்டேன், அவன் பக்கத்திலிருந்து ஒரு சத்தமும் இல்லை. வெளியே தலைகாட்ட வெட்கப்படும் பிள்ளை மாதிரி வாயை மூடிக்கொண்டு சுற்றுகிறான்.

நான் மைக்கை எடுத்தேன். "தைச்சியோட ஆளுங்களைக் காணோம். எல்லாரும் வெளிய வாங்க. மேற்கால போங்க" என்று ஊருக்கே கேட்கிற மாதிரி கத்தினேன்.

உடனே அவன் குரல் வந்தது. "யோவ் கெழவா! யாரு கேட்டா உன்னை? என் ஆளை எனக்குத் தேடத் தெரியாதா?"

"தெரியும்டா. எனக்கும் தெரிஞ்சுதான் இருந்துச்சு. எஞ்சினை நிறுத்துடா!" என்றேன்.

அவன் படகு நின்றது. எட்டு படகும் போனோம். ஒவ்வொரு ஓட்டத்துக்கும் எஞ்சினை நிறுத்திக் காதைத் தீட்டிக்கொண்டு நின்றோம். மூன்று பேரும் ஒழுங்காக ஒன்றாகக் கட்டிக்கொண்டு, மிதவையை நட்டு வைத்துக்கொண்டு இருந்தார்கள். முதலில் கேட்டது விசில்தான். கண்ணுக்குப் பிறகுதான் தெரிந்தது. மத்தியானச் சோற்றுக்குள் எல்லாரும் கரையில். அதில் ஒரு பெண்ணுக்கு ஒன்றுமே ஆகவில்லை, பசி மட்டும்தான்.

சாயங்காலம் துறையில் குப்பிகளைத் திறந்தார்கள். யாரோ ஐஸ் கிடங்கிலிருந்து அந்தத் தேங்காயைத் தூக்கிக்கொண்டு வந்தார்கள். யாசு போனபிறகு யாரும் அதை வெளியே எடுத்ததில்லை. அன்று என் படகில் அதைக் கட்ட ஒருவனுக்கும் மனசு வரவில்லை. இப்போது தைச்சி படகில் கட்டப் போனார்கள், சிரித்துக்கொண்டே. தைச்சியும் சிரித்தான், ஐஸ் கிடங்குக்குப் பின்னால் சுற்றி வந்த வருஷத்தில் யாசு சிரித்தானே, அப்படி. நான் எழுந்து போய் அதைப் பிடுங்கிக்கொண்டேன். "இது எனக்குச் சேர வேண்டியது. ரெண்டு வருஷம் பாக்கி" என்று சொல்லி, என் படகின் மூக்கில் நானே கட்டினேன். யாரும் சிரிக்கவில்லை. ஒருவர் பின் ஒருவராகக் கோப்பையைக் கீழே வைத்துவிட்டு வீட்டுக்குப் போய்விட்டார்கள். அது அங்கேயே தொங்குகிறது. இனி வேறு எந்தப் படகுக்கும் அது போகாது.

இதனால் யாசு திரும்பி வரப் போவதில்லை. அன்று காலையிலேயே கத்தியிருக்க வேண்டும். கத்தவில்லை.

இடத்தைக் கேட்டு உன்னை இனி வற்புறுத்த மாட்டேன். பிப்ரவரியில் சும்மா எங்காவது போய்க் கூப்பிடுவேன். நாபீ அம்மா திட்டுவாள். திட்டட்டும்.

மொரியுகி

*

மத்சுமொத்தோ
ஜனவரி 23

அண்ணா,

இந்தக் கடிதத்தைக் கடையில் உட்கார்ந்து படித்தேன். எஞ்சினை நிறுத்துடா என்று நீங்கள் கத்திய இடத்தில் அழுகை வந்துவிட்டது. முதலாளியம்மா வெங்காயமா என்று கேட்டாள். ஆமாம் என்றேன்.

சும்மா எங்காவது போய்க் கூப்பிடுவேன் என்று எழுதியிருக்கிறீர்கள். அதைத்தான் என்னால் தாங்க முடியவில்லை. நாபீ அம்மா சொல்வதை நான் நம்பவில்லை. ஆனால் நீங்கள் ஓர் இடத்தில் கூப்பிட, அவர் இன்னோர் இடத்தில் நின்று கேட்டுக்கொண்டிருப்பார் என்ற நினைப்பு வந்துவிட்டது. வந்தபிறகு போகமாட்டேன் என்கிறது. இங்கே பனி முழங்கால்வரை விழுந்திருக்கிறது. இரண்டு போர்வை போர்த்திக்கொண்டு, அவர் நனைந்துகொண்டு நிற்கிறாரே என்று யோசிக்கிறேன். பைத்தியக்காரி என்று அக்கா சொல்கிறாள்.

எழுதிக்கொள்ளுங்கள். கலங்கரை விளக்கம், பள்ளிக்கூடத்து நீர்த்தொட்டிக்கு நேர் பின்னால் ஒளிந்திருந்தது. அது ஒரு குறி. வடக்கே பிளந்த பாறையின் பிளவு மூடி, இரண்டும் ஒரே பாறையாகத் தெரிந்தது. அது இன்னொன்று. இரண்டும் சேர்கிற இடத்தில் அவர் கயிற்றை அறுத்தார்.

இதற்குப் பதிலாக நீங்கள் எனக்கு ஒரு வாக்குத் தர வேண்டும். படகில் நின்றபடியே, முனையைப் பார்த்து மூன்று தரம் கூப்பிடுங்கள். கூப்பிட்டதும் திரும்பிவிடுங்கள். அங்கே நிற்க வேண்டாம். தண்ணீரில் இறங்கவே வேண்டாம். உங்களுக்கு வயசு அறுபத்திரண்டு, ரத்த அழுத்தம் வேறு.

நான் வரவில்லை. படகில் கால் வைக்க என்னால் முடியாது.

மிஹோகோ

*

இரிமுரா துறை
பிப்ரவரி 12

மிஹோகோவுக்கு,

நீ கேட்ட வாக்கை நான் காப்பாற்றவில்லை. முதலிலேயே சொல்லிவிடுகிறேன்.

அவன் போன தேதியில் கடல் கொந்தளிப்பு. இரண்டு நாள் கழித்துத்தான் போக முடிந்தது. என் படகைத் தைச்சி ஓட்டினான். அவனாகவே வந்து ஏறினான். நாபீ அம்மா துறை தாண்டுவதற்குள் வாந்தி எடுத்துவிட்டு, "உன் தம்பி செத்தும் என்னைப் படுத்துறான்" என்று திட்டினாள். நீ சொன்ன குறிகள் இரண்டும் அச்சாகச் சேர்ந்தன. அவன் உனக்கு நன்றாகத்தான் சொல்லிக்கொடுத்திருக்கிறான்.

யாசுவின் நீலக் கட்டம்போட்ட சட்டையை விரித்துப் பிடித்தேன். நீ சொன்னபடி முனையைப் பார்த்து, "யாசுனோரி, வாடா, வீட்டுக்குப் போலாம்" என்று மூன்று தரம் கூப்பிட்டேன். நாபீ அம்மா சட்டையைக் கையில் வாங்கித் தூக்கிப் பார்த்தாள்.

"வரல," என்றாள்.

"கூப்பிட்டேனே?"

"கூப்பிட்டே. அவன் அந்தப் பக்கம் இல்ல. நான் என்ன பண்ண?"

அப்போதே திரும்பியிருக்க வேண்டும். ஆனால் இரண்டு வருஷமாக ஒரே ஒரு கேள்வி என்னைத் தின்றுகொண்டிருந்தது. எனக்கு நீங்கள் தெரியவில்லை. உங்களுக்கு நான் தெரிந்திருப்பேனா? யாசுவின் பழைய காற்றுச் சட்டையை மாட்டிக்கொண்டேன். விசில், மிதவை, கண்ணாடி எல்லாம் எடுத்துக்கொண்டேன். தைச்சி கையைப் பிடித்துக்கொண்டு விடவில்லை. "அண்ணே, ஊர்ல ஒரு தேங்கா போதும்" என்றான். "டேய், நான் எங்கேயும் நீந்திப் போக மாட்டேன். நீ போய் அன்னைக்கு நான் தேடின இடத்துல நில்லு. தெற்குப் பாறைக்கு வெளிய. நான் மிதவையை நிமிர்த்தினதும் வா" என்று சொல்லி இறங்கினேன்.

படகின் மேல் நின்றால் பிளந்த பாறைக்கு மேலே முனை தெரிகிறது. தண்ணீரில் கழுத்தளவில் இருந்தால் தெரியவில்லை, மிஹோகோ. பாறை முழுசாக மறைத்துவிடுகிறது. நான் எவ்வளவு எம்பிப் பார்த்தும், அலை எவ்வளவு தூக்கிப் பார்த்தும், முனை என் கண்ணில் படவே இல்லை. தெரியாத இடத்தை நோக்கி எவன் நீந்துவான்?

தெரிந்தது என் படகுதான். ஒவ்வொரு அலைமேட்டிலும் வெள்ளைக் கேபினும், சிவப்புப் பட்டையும், மூக்கில் தொங்குகிற தேங்காயும்கூடத் தெரிந்தது. தைச்சிக்கு நான் தெரியவில்லை. தலையை இப்படியும் அப்படியும் திருப்பித் தேடிக்கொண்டிருந்தான். நான் அவனைப் பார்த்துக்கொண்டே இருந்தேன்.

அப்போது எனக்குப் புரிந்தது. யாசு முனைக்குப் போகவில்லை. என்னிடம் வந்தான்.

நான் வயர்லெஸில் சொல்லிவிட்டு, எல்லாரோடும் சேர்ந்து மேற்கே வந்திருந்தால் அவன் உன்னோடு காத்திருப்பான். தெற்கில் நான் தனியாகச் சுற்றிச் சுற்றி வந்ததைப் பார்த்துத்தான் கிளம்பினான். அவன் நீந்தி வந்துகொண்டிருக்கும்போது நான் அடுத்த வட்டத்துக்குப் படகைத் திருப்பியிருப்பேன். எத்தனை தரம் திருப்பினேனோ.

மிதவையை நிமிர்த்த ரொம்ப நேரம் எனக்குக் கை வரவில்லை. பிறகு நிமிர்த்தினேன். தைச்சி என்னைத் தூக்கிப் போட்டுவிட்டு, துறை வரும்வரை கெட்ட வார்த்தையில் திட்டினான்.

உனக்கு இது தெரியுமா? இல்லை, உனக்கும் முனை என்றுதான் தோன்றியதா? எதுவாக இருந்தாலும் உண்மையை எழுது. இதற்குமேல் என்னை என்ன செய்துவிட முடியும்?

மொரியுகி

*

மத்சுமொத்தோ
பிப்ரவரி 19

அண்ணா,

தண்ணீரில் இறங்க வேண்டாம் என்றேனே. கேட்க மாட்டீர்கள் என்று எனக்குத் தெரிந்திருக்க வேண்டும்.

எனக்குத் தெரியும். ஆரம்பத்திலிருந்தே தெரியும். படகு என் கண்ணில் படவில்லை என்று எழுதியது பொய். இரண்டு பேரும் பார்த்துக்கொண்டுதான் இருந்தோம். நான் விசிலை ஊதினேன், அவர் உங்களைப் பார்த்துச் சிரித்தார். "அங்க பாரு, அண்ணன் எப்படிச் சுத்துது பாரு. ஒத்தையா தேடுது, ஊரைக் கூப்பிடல. என் மானத்தைக் காப்பாத்துதாம். நாம கிடைக்காம அது திரும்பாது மிஹோ, டீசல் தீர்ந்தாலும் திரும்பாது. நான் பாதி தூரம் போய் ஒரு கத்து கத்தினா போதும். நீ அசையாதே, மிதவையை விடாதே" என்றார். நீந்தக்கூடாது என்று தினமும் எல்லாருக்கும் சொல்கிறவர் நீங்கள்தானே என்று அவரைத் திட்டினேன். "அது விருந்தாளிக்கு. இது என் அண்ணன்" என்று சொல்லிக் கத்தியை எடுத்தார்.

மருத்துவமனையில் நான் கண் விழித்தபோது நீங்கள் ஈரச் சட்டையோடு பெஞ்சில் உட்கார்ந்திருந்தீர்கள். முகமெல்லாம் உப்பு பூத்திருந்தது. "எந்தப் பக்கம் போனான்?" என்று கேட்டீர்கள். நான் உங்கள் முகத்தைப் பார்த்தேன். முனைப் பக்கம் என்று சொன்னேன். அதற்குப் பிறகு அதையே எல்லாரிடமும் சொல்ல வேண்டியதாகிவிட்டது. அங்கேயே தேடினார்கள். வேறு இடத்தில் தேடியிருந்தால் உடம்பாவது கிடைத்திருக்குமோ என்று நான் நினைக்காத நாள் இல்லை. இருட்டும் நேரம், தண்ணீர் ஐஸ் மாதிரி, அவர் போய் அத்தனை நேரம் ஆகிவிட்டது, இனி உயிரோடு இருக்க வழியில்லை என்று எனக்குத் தெரிந்துதான் சொன்னேன். ஆனாலும் நினைப்பு வரும். உங்களுக்கு நீங்கள் வயர்லெஸை எடுக்காததுபோல, எனக்கு இது.

வயர்லெஸ் விஷயத்தில் என் கோபம் நியாயமானது, அண்ணா. அதை நான் விடப் போவதில்லை. உங்களைக் குத்த வேண்டும் என்று தோன்றியபோதெல்லாம் கையில் அகப்பட்டதை எடுத்துக் குத்தினேன். இந்த ஒன்றை மட்டும் எடுக்கவில்லை. எடுத்திருந்தால் அவரே என்னை மன்னித்திருக்க மாட்டார்.

இன்னொன்றும் சொல்கிறேன். அவர் பயந்துபோய்க் கிளம்பவில்லை. வெட்கப்பட்டும் கிளம்பவில்லை. தேங்காய்க்காகப் போனார் என்று நான் எழுதியதும் பொய்தான். நீங்கள் தேடுவீர்கள் என்பதில் அவருக்குத் துளி சந்தேகம் இல்லை. கடைசியாக அவர் முகத்தைப் பார்த்தவள் நான், எனக்குத் தெரியும்.

முனையைப் பார்த்துக் கூப்பிடச் சொன்னது நான். அதனால் சட்டை கனக்காமல் போனது என் தப்பு. கல்லறைக்கு எடுத்துப் போகாமல் சட்டையை மடித்து வையுங்கள். மார்ச் பத்தாம் தேதிக் கப்பலில் வருகிறேன். படகில் கால் வைக்க முடியாது என்று எழுதினேன். வைத்துப் பார்க்கிறேன். முடியாவிட்டால் தைச்சியை விட்டு என்னைப் படகில் தூக்கிப் போடச் செய்யுங்கள், ஏற்கெனவே ஒரு தரம் தூக்கியவன்தானே.

நான் குறி சொன்ன இடத்துக்கு நாம் போக வேண்டாம். அது அவர் என்னை விட்டுப் போன இடம். அன்று நீங்கள் சுற்றிக்கொண்டிருந்த இடத்துக்குப் போவோம். அங்கே நின்று மேற்கே பார்த்து நீங்கள்தான் கூப்பிட வேண்டும். உங்களை நோக்கித்தானே அவர் பாதி வழி வந்திருந்தார். சட்டையை நான் பிடித்துக்கொள்கிறேன்.

கூப்பிடுவதற்கு முன் எஞ்சினை நிறுத்திவிடுங்கள், அண்ணா. நாம் கொஞ்ச நேரம் கேட்டுக்கொண்டு நிற்போம்.

மிஹோகோ